சங்கிலி அறையில் இரண்டு தட்டு

கப்பல் இவ்வளவு சிறியதா என்றுதான் முதலில் தோன்றியது.

அவள் நினைவில் அது வானத்தில் பாதியை மறைத்து நின்ற கப்பல். மூன்று பாய்மரங்கள். அவற்றின் குறுக்குக் கட்டைகளில் அடுக்கி வைத்தது போல் வெள்ளைச் சீருடையில் பயிற்சி மாலுமிகள். கரையில் பாண்டு. அன்று அவள் பள்ளிச் சிறுமி. நடுமரத்தின் இடப்பக்கம் நின்றவனைப் பார்த்துக் கை வலிக்க வலிக்க அசைத்தாள். கப்பல் புள்ளியாகிப் போன பிறகுதான் அம்மா சொன்னாள்: "நீ கையாட்டினது யார் பெத்த பிள்ளைக்கோ. நம்ம பையன் வலது பக்கம் நின்னான்."

அண்ணனை அவள் கடைசியாகப் பார்க்கத் தவறியது அப்படித்தான்.

இன்று மதிய வெயிலில், பாய்கள் கழற்றப்பட்ட அதே மூன்று மரங்களோடு, கப்பல் துறைமுகத்தின் ஒதுக்குப்புறத்தில் கட்டிக் கிடந்தது. கடலுக்குப் போகும் உத்தேசமே அதற்கு இல்லை. பக்கத்துத் துறையில் பாரந்தூக்கிகள் சரக்குப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தன. கப்பலின் கைப்பிடிகளில் மட்டும் புது வார்னிஷ் வாசனை. அடுத்த மாதம் பொதுமக்களுக்குத் திறக்கப் போகிறார்கள். வருகிறவர்கள் ஒவ்வொரு இடத்திலும் பொத்தானை அழுத்தினால் கப்பலின் வரலாறு பேச வேண்டும். அதை வாசித்துத் தருவது அவள் வேலை.

குரல்தான் அவள் பிழைப்பு. வங்கிக்கு போன் செய்தால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் காக்க வைப்பது அவள்தான்.

"அக்கா, இதுக்கு லிஃப்ட் கிடையாதா?" என்றார் ஒலிப்பதிவாளர். இரண்டு தோளிலும் பைகள், நடுவில் தொப்பை. கூடப் பிறக்காத தம்பி மாதிரி வருஷக்கணக்காக அவளோடு வேலை செய்கிறவர். ஏணிப்பலகை ஏறி முடிப்பதற்குள் அவருடைய மூச்சே தனிப் பதிவுக்குத் தாங்கும்.

மேலே அவர்களை வரவேற்றவரை எல்லோரும் 'நங்கூரம்' என்று கூப்பிட்டார்கள். வாலிபத்தில் இந்தக் கப்பலின் முன்தளத்தில் நங்கூரம் இறக்கும் பொறுப்பில் இருந்தவர். ஓய்வு பெற்ற பின் காவலாளியாக இங்கேயே தங்கிவிட்டார். கறுத்து வற்றிய மனிதர். பேசும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டார். முன்தளத்தில் நங்கூர விசைக்குப் பக்கத்தில் ஒரு மரச்சுத்தியல் மாட்டியிருந்தது. விசையின் தடையை அடித்து விடுவித்து நங்கூரத்தை இறக்கும் சுத்தியல் அது. போகிறபோதும் வருகிறபோதும் அவர் அதை ஒருமுறை தொட்டுக்கொண்டார், திருநீறு இட்டுக்கொள்கிறவர் நெற்றியைத் தொடுவது போல.

அவள் இந்த வேலைக்குப் போட்டி போட்டு வந்திருந்தாள். காரணம் வரலாற்று உரையின் ஒரே ஒரு வாக்கியம்.

உரை நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. தானியம் சுமக்கப் பிறந்த கப்பல். ஒரு போரில் பிடிபட்டு, கொடி மாறி, கடற்படைக்கு வந்தது. இயந்திரக் கப்பல்கள் கடலை எடுத்துக்கொண்ட பிறகும் கடற்படை இதைக் கைவிடவில்லை. காற்றைப் படிக்காதவனுக்குக் கடல் வசப்படாது என்று எந்தத் தளபதியோ நம்பியிருக்கிறார். தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் இதில் ஏறி, வாந்தியெடுத்து, கயிற்றில் உள்ளங்கை உரிந்து, மாலுமிகளாக இறங்கினார்கள். ஒரு புயலில் முன்மரம் முறிந்தது. மாலுமிகளே மரம் செதுக்கி நட்டுக் கரை சேர்ந்தார்கள். எல்லாம் பெருமை.

பெருமையின் நடுவே இந்த வாக்கியம்: "இத்தனை நீண்ட வரலாற்றில் இந்தக் கப்பலை விட்டு ஓடிப்போனவர் ஒரே ஒரு பயிற்சி மாலுமிதான்; அந்தத் துறைமுகத்தின் அழகு அப்படி!"

அந்த இடத்தில் பார்வையாளர்கள் சிரிக்க வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பும் இருந்தது.

அந்த ஒரே ஒருவன் அவள் அண்ணன்.

அண்ணன் விடுப்பில் வந்தபோது கப்பலின் வழக்கம் ஒன்றைச் சொல்லியிருந்தான். நங்கூரத்தைத் தூக்கும்போது, மேலே விசை சுற்றச் சுற்ற, சேறும் தண்ணீருமாகச் சங்கிலி கீழே ஓர் இரும்பு அறைக்குள் இறங்கும். விட்டால் ஒரே இடத்தில் கூம்பாகக் குவிந்துவிடும். மறுமுறை இறக்கும்போது சிக்கும். அதனால் ஒருவன் அந்த அறைக்குள் போய், இரும்புக் கொக்கியால் வளையம் வளையமாக இழுத்துப் படுக்க வைக்க வேண்டும். ஒல்லியானவனுக்குத்தான் அந்த வேலை கிடைக்கும். சங்கிலி இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே கேட்காது. ஆகவே தட்டுத்தான் பேச்சு. கொக்கியால் சுவரில் அடுத்தடுத்து இரண்டு தட்டு என்றால், உள்ளே ஆள். வெளியே வந்து கதவை மூடி, கதவின் மேல் மூன்று தட்டு என்றால், வந்துவிட்டேன். மூன்று கேட்காமல் மேலே தடையை விடக் கூடாது.

"அந்த மூணை உள்ள போனவன்தான் தட்டணும், வாலு. அவனுக்காக வேற யாரும் தட்டக் கூடாது. கேப்டனே வந்தாலும் சரி."

வீட்டில் ஒரே குளியலறை. அதற்கும் தாழ்ப்பாள் கெட்டுப்போயிருந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் அதுவே சட்டம். அப்பாகூட, வழுக்கையில் சோப்பு நுரையோடு, உள்ளேயிருந்து கடமையாக இரண்டு தட்டுவார். அம்மா மட்டும், "கப்பல்ல தண்ணி தீர்ந்துபோச்சுன்னா எத்தனை தட்டுடா?" என்று கேட்டு அவனைச் சீண்டுவாள்.

பிறகு ஒருநாள் கடற்படையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. ஓர் அயல் துறைமுகத்தில் அவன் கப்பலை விட்டு ஓடிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அப்பா குளியலறையில் தட்டுவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச காலத்தில் பேசுவதையும் குறைத்துக்கொண்டார். தெருவில் அவர்கள் வீட்டுக்கு 'ஓடிப்போனவன் வீடு' என்று பெயர் வந்தது. அவளைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் காபியைக் குடித்துவிட்டு, "இந்த வீட்டுல ஓடுற வழக்கம் உண்டாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டது. அவள் கல்யாணம் அதோடு நின்றது.

அம்மா இன்றுவரை ஒரே கேள்வியைத்தான் வைத்திருக்கிறாள். ஓடுகிறவன் புது ஷூவை விட்டுவிட்டா ஓடுவான்? கடற்படை அவன் பெட்டியோடு திருப்பி அனுப்பிய அந்த ஷூ இன்னும் அலமாரியில் இருக்கிறது. அம்மா அதற்குப் பாலிஷ் போடுகிறாள்.

கப்பலின் அருங்காட்சியக அதிகாரியிடம் இதையெல்லாம் அவள் முன்பே சொல்லிவிட்டாள். மரியாதையான மனிதர். நாற்காலி கொடுத்தார், முழுவதும் கேட்டார். ஆதாரம் என்று ஏதாவது இருந்தால் வாக்கியத்தை எடுத்துவிடலாம், இல்லாமல் எடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். அவளுக்கு வேண்டாமென்றால் வேறு குரல் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

வேறு குரல் வந்தால் அவள் கப்பலுக்குள் கால் வைக்கவே முடியாது. அம்மா இருக்கும்போதே அந்த ஒரு வாக்கியம் போக வேண்டும். அதனால்தான் வந்தாள்.

மேல்தளத்தில் பாரந்தூக்கிகளின் சத்தம். எனவே ஒலிப்பதிவாளர் கீழே பாய் அறையைத் தேர்ந்தெடுத்தார். பழைய பாய்கள் சுருட்டிச் சுவர்வரை அடுக்கப்பட்டிருந்தன. தடித்த அந்தத் துணி எல்லா ஒலியையும் குடித்துவிட்டது. காசு கொடுத்தாலும் இப்படி ஸ்டூடியோ கிடைக்காது என்று மகிழ்ந்தார். ஜன்னல் இல்லை. தார், கயிறு, பூஞ்சை, எங்கோ ஊறிக்கொண்டிருக்கும் உப்பு. மேலே உச்சி வெயில் அடிக்கிறது என்பதே அங்கே வதந்தி போலிருந்தது. ஒரு பக்கச் சுவர் மட்டும் இரும்பு. அதில் இடுப்பளவுக்கு ஒரு கதவு, பூட்டோடு; பின்னால் சங்கிலி அறை.

"அக்கா, முதல்ல சும்மா ஒருதடவை படிங்க. ஒலி அளவு பாத்துக்கறேன்."

அவள் படித்தாள். அந்த வாக்கியம் இருந்த பக்கம் வந்தது. பழக்கம்தான் படித்தது, தொண்டைக்கும் மனசுக்கும் நடுவில் ஒரு கதவை மூடிக்கொள்ள அவளுக்குத் தெரியும். "...ஒரே ஒரு பயிற்சி மாலுமிதான். அந்தத் துறைமுகத்தின் அழகு அப்படி!" ஆச்சரியக்குறிக்கு உரிய புன்னகைகூடக் குரலில் வந்துவிட்டது.

நிறுத்தினாள்.

இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம், டங், டங்.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினார். "உங்க வயித்துச் சத்தமாக்கா?"

அவள் சிரிக்கவில்லை.

மறுபடி படித்தாள். வாக்கியத்தின் முதல் சொல்லுக்கு வந்ததும், டங், டங். நிறுத்தினார்கள். காத்திருந்தார்கள். அமைதி. மறுபடி தொடங்கினாள். புயல், முறிந்த மரம், பெருமை எல்லாம் தடையில்லாமல் போயின. அந்த வாக்கியம் வந்தது.

டங், டங்.

ஒலிப்பதிவாளர் மேலே போய் நங்கூரத்தை அழைத்து வந்தார். அவர் படியிலேயே நின்றார், அறைக்குள் வரவில்லை. வெயிலுக்கு இரும்பு விரியும், அப்படித்தான் சத்தம் வரும் என்றார். எலியும் உண்டு என்றார். சங்கிலி அறையைத் திறந்து ஒரு மைக் வைத்துப் பார்த்தால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும் என்றார் ஒலிப்பதிவாளர். சாவி தொலைந்து பல வருஷம் ஆகிறதே என்றார் நங்கூரம். சாவிக் கொத்து அவர் இடுப்பில் தொங்கியது.

"ரெண்டு தட்டுன்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம்," என்றாள் அவள். "எங்க அண்ணன் சொல்லியிருக்கான்."

நங்கூரம் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றி, மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாக. எதையோ அங்கே அடையாளம் கண்டு, பின்வாங்கினார்.

"மூணு கேட்டுச்சும்மா," என்றார் மெதுவாக. "முன்தளத்துல நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு."

அவள் மூன்று தட்டைப் பற்றி விசாரிக்கவே இல்லையே.

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைக்க ஒரு கணம் ஆனது. இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை அவிழ்த்துப் படியில் வைத்தார். திரும்பி ஏறிப் போய்விட்டார். அவர் காலடி முன்தளம்வரை போய் நிற்பது மரத்தின் வழியே கேட்டது.

கதவு திறந்தபோது உள்ளிருந்து குளிர் வந்தது. கிணற்றுக் குளிர் இல்லை. வெளியே காக்க வைக்கப்பட்டவர் உள்ளே வரும்போது கூடக் கொண்டுவருவாரே, அந்தக் குளிர்.

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து நுழைந்தாள். டார்ச் வெளிச்சத்தில் நான்கு இரும்புச் சுவர்கள். கப்பலில் மற்ற எல்லா அறைக்கும் வெள்ளைப் பெயிண்ட். இதற்கு மட்டும் சிவப்பு, தரையிலிருந்து கூரைவரை, கோட்டின் மேல் கோடாக, அவசரத்தில் அடித்தது. காலடியில் சங்கிலிக் குவியல். ஒவ்வொரு வளையமும் அவள் முழங்கால் பருமன். ஒரு முனை மட்டும் தனியாக எழுந்து, கூரையிலிருந்த குழாய் வழியே மேலே போனது.

"அக்கா, டார்ச்சை அணைங்க," என்றது வெளியிலிருந்து குரல். "அது இரையுது. காதுல விழுது."

அணைத்தாள்.

இருட்டு உடனே வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணைத் திறந்திருக்கிறோமா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. சங்கிலியின் மேல் கையூன்றி உட்கார்ந்தாள். கையை உடனே எடுத்தாள்.

சங்கிலி ஈரமாக இருந்தது.

பல வருஷமாகக் கடலைத் தொடாத சங்கிலி. அதிலிருந்து அடிக்கடல் சேறு நாறியது. நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை, மெல்லியது, பழகியது. வீட்டில் யாருமே இப்போது வாங்காத சோப்பின் வாசனை.

டங், டங்.

இடது முழங்காலுக்குப் பக்கத்தில்.

"அண்ணா," என்றாள், மூச்சால்.

டங், டங்.

அவசரமே இல்லை. உள்ளே ஆள். அவ்வளவுதான் செய்தி. இத்தனை வருஷமாக, வெள்ளையடித்து, வார்னிஷ் பூசி, பாண்டு வாசித்து, கொடியிறக்கி, கப்பலையே கட்டிப்போட்ட பிறகும், அவன் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். கேட்டவர்கள் எலி என்றார்கள்.

அவள் கை தானாக எழுந்தது. மூன்று தட்டிவிட்டால் போதும். வந்துவிட்டேன் என்று அவனுக்காகச் சொல்லிவிட்டால், அவன் வெளியே வந்துவிடுவான். முடிந்துவிடும்.

விரல் முட்டிகள் சுவரைத் தொடும் தூரத்தில் நின்றன.

அவனுக்காக வேறு யாரும் தட்டக் கூடாது.

அன்று இதைத்தான் யாரோ செய்திருக்கிறார்கள்.

மேலே யாரோ நடந்தார்கள். ஷூக்கால்; நிதானமான நடை. சரியாக அவள் தலைக்கு மேல் வந்து நின்றது.

டொக். டொக். டொக்.

அது இரும்பு இல்லை. மரத்தின் மேல் மரம்.

சங்கிலி முனகியது. கூரைக் குழாயிலிருந்து துரு பொலபொலவென அவள் முகத்தில் கொட்டியது. அவள் காலடியில் ஒரு வளையம், தூங்குகிற மிருகம் தலையைத் தூக்குவது போல, எழுந்தது. அதன் பின்னால் அடுத்தது.

அவள் தட்டினாள். வெறுங்கையால், முட்டி உடைய. இரண்டு. இரண்டு. இரண்டு.

அவளோடு சேர்ந்து பக்கத்திலிருந்தும் யாரோ தட்டினார்கள்.

பிறகு அவள் கணுக்காலை ஒரு கை பிடித்து இழுத்தது. அவள் அலறவில்லை, அண்ணன்தான் என்று நினைத்தாள். ஒலிப்பதிவாளர் அவளைப் பாய் மூட்டைகளின் மேல் இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைக் காலால் உதைத்து மூடினார். அவர் உதடுகள் வெளுத்திருந்தன.

"கையில என்ன வெச்சுத் தட்டினீங்க?"

"ஒண்ணுமில்ல. கையாலதான்."

"எனக்கு இரும்பு கேட்டுச்சுக்கா. ரெண்டு இரும்பு."

அவள் விரல்களில் காயமே இல்லை. உள்ளங்கையில் மட்டும் குறுக்காகத் துரு படிந்திருந்தது, ஒரு கொக்கியின் பிடியை இறுகப் பற்றியிருந்தவள் போல.

மேலே ஓடினாள். முன்தளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. நங்கூர விசை பூட்டியபடி, பெயிண்ட்கூடப் பெயராமல் இருந்தது. அதன் பக்கத்தில் நங்கூரம் நின்றார். கையில் மரச்சுத்தியல். அதை அவர் பார்த்த பார்வையில், எப்படி அது கைக்கு வந்தது என்பதே அவருக்குத் தெரியாது போலிருந்தது.

"நான் தட்டலம்மா."

"தட்டலைன்னு சொல்றது இப்பவா, அப்பவா?"

அவர் கரையைப் பார்த்தார். அங்கே சரக்குப் பெட்டிகளைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் அவர் பார்த்தது வேறு ஏதோ கரையை.

"தூக்கின நங்கூரத்தை உடனே மறுபடி இறக்கச் சொன்னாங்க. காத்து திரும்பிடுச்சு. அந்த வெளிநாட்டுக் கரையில பெரிய மனுஷங்க, பாண்டு," என்றார். "கேப்டன் கையாட்டிட்டார்மா. கையாட்டினா இறக்கணும்."

சுத்தியலைப் பழைய இடத்தில் மாட்டினார். மூன்றுமுறை முயன்ற பிறகுதான் கொக்கியில் விழுந்தது. அதன் பிறகு அவரிடமிருந்து அவளால் ஒரு சொல்கூட வாங்க முடியவில்லை. அதிகாரி கூப்பிட்டு விசாரித்தபோது, தனக்கு எதுவும் நினைவில்லை, வயசாகிவிட்டது என்று சொன்னாராம். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் இறந்தார். கடற்படைக் கொடி போர்த்தி, துப்பாக்கி மரியாதையோடு எடுத்தார்கள்.

அதிகாரி பதிவை முழுவதும் கேட்டார். குளிரூட்டிய அறை, நல்ல ஒலிபெருக்கி. எல்லாம் இருந்தது: இரும்பில் இரண்டு, மரத்தில் மூன்று, சங்கிலியின் முனகல், பிறகு அந்த இரட்டைத் தட்டுகள். அவர் கையில் மயிர்க்கூச்செறிந்ததை அவளே பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"அருமை, மேடம்," என்றார் அவர். "இதை வெச்சே கூட்டம் அள்ளும்."

"சார், ஆதாரம் கேட்டீங்க."

"இது சத்தம், மேடம். சத்தம் எப்படி ஆதாரமாகும்?"

நல்ல மனிதர்தான். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அவள் மேற்கொண்டு வாசிக்க மறுத்தாள். தேவைப்படவில்லை. ஒலிப்பதிவாளர் அளவு பார்க்க எடுத்த முதல் வாசிப்பு இருந்தது; ஒப்பந்தப்படி பதிவு முழுவதும் கப்பலுக்குச் சொந்தம். அதில் தட்டு எதுவும் குறுக்கிடவில்லை. புன்னகைகூடச் சரியாக இருந்தது.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள். அவன் ஓடவில்லை என்று மட்டும் சொன்னாள். சிவப்புப் பெயிண்டைச் சொல்லவில்லை. அம்மா ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"அதான் எனக்குத் தெரியுமே. இங்கதானே இருக்கு ஷூ." அடுத்த காலுக்கான ஷூவை எடுத்துக்கொண்டு, "அப்போ அவன் உள்ளயேவா இருக்கான்?"

"ஆமாம்மா."

"தனியாவா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அவள் நங்கூரம் விட்டுப்போன வேலையைக் கேட்டு வாங்கினாள். குரலுக்குப் பேர் போனவள் காவல் வேலைக்கு வருவதைப் பார்த்து அதிகாரி தயங்கினார். பிறகு, கூட்டத்தைச் சமாளிக்கத் தெரிந்தவள் என்று ஒப்புக்கொண்டார்.

கூட்டம் அள்ளத்தான் செய்தது. சங்கிலி அறைக் கதவின் மேல் பலகை தொங்கியது: 'பேசும் அறை. இரண்டு தட்டுக் கேட்டால், மூன்று தட்டி விடை கொடுங்கள்.' பக்கத்தில், கயிற்றில் கட்டி, முன்தளத்தின் அதே மரச்சுத்தியல். பொத்தானை அழுத்தினால் அவள் குரலே சொன்னது: ஓடிப்போனவர் ஒரே ஒரு பயிற்சி மாலுமிதான், அந்தத் துறைமுகத்தின் அழகு அப்படி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு உள்ளிருந்து இரண்டு தட்டு வரும். ஏதோ இயந்திர ஏற்பாடு என்று நினைத்து மறுபடி சிரித்தார்கள். யாராவது சுத்தியலை எடுப்பார்கள்.

"தட்டாதீங்க. தயவுசெஞ்சு தட்டாதீங்க." நாள் முழுவதும் இதைத்தான் சொல்கிறாள். வங்கிக் குரல் என்று அடையாளம் கண்டுகொண்டு அதற்கும் சிரிக்கிறார்கள்.

பெரும்பாலும் தடுத்துவிடுவாள். சில சமயம் அவள் வேறு பக்கம் திரும்பியிருக்கும்போது ஒரு குடும்பத் தலைவர், பிள்ளைகள் பார்க்க, கம்பீரமாக மூன்று தட்டிவிடுவார். அன்று முழுவதும் உள்ளே சத்தம் இருக்காது. சாயங்காலம் கதவின் அடியிலிருந்து துருநிறத் தண்ணீர் ஒரு கோடாகக் கசிந்து வரும். அவள் துணி நனைத்துத் துடைப்பாள். மறுநாள் காலை, முதல் பார்வையாளர் வருமுன், டங், டங். மறுபடி முதலிலிருந்து. உள்ளே ஆள்.

நேற்று மாலை கடைசிக் கூட்டமும் இறங்கியது. அவளே ஏணிப்பலகையை இழுத்துப் போட்டாள். கப்பலில் வேறு யாரும் இல்லை. கீழே வந்து, சுத்தியலைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து, வழக்கம்போல் வீட்டுக்கு எடுத்துப்போகத் தன் பைக்குள் வைத்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாள்.

டங், டங்.

அவளும் முட்டியால் இரண்டு தட்டினாள். தெரியும். இருக்கிறாய்.

அம்மாவுக்கு இப்போது நடக்க முடியவில்லை, ஆனாலும் பாலிஷ் போடுவதை விடவில்லை என்று சொன்னாள். குளியலறைத் தாழ்ப்பாள் இன்னும் சரிசெய்யவில்லை என்று சொன்னாள். உள்ளே அவன் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது முன்தளத்தில் ஷூக்கால் நடந்தது.

நிதானமாக வந்தது. நேர் மேலே நின்றது.

அவள் இரண்டு கைகளாலும் மடியிலிருந்த பையை அமுக்கினாள். துணியின் வழியே சுத்தியல் தட்டுப்பட்டது. இருந்தது. அவளிடம்தான் இருந்தது.

டொக். டொக். டொக்.

முதுகுக்குப் பின்னால் சங்கிலி முனகியது. அவள் திரும்பி மண்டியிட்டு, முட்டியால் இரும்பில் அடித்தாள். இரண்டு. இரண்டு. உள்ளே ஆள். உள்ளே ஆள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முனகல் மெல்ல அடங்கியது.

மேலேயிருந்தவர் போகவில்லை. கேப்டன் மறுபடி கையாட்டுவதற்குக் காத்திருப்பவர் போல, கால் மாற்றி நின்றார்.